துக்கம் சீனியாகுமா?

1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் மன்னார்த் தீவின் முஸ்லிம் குடும்பங்கள் கடற்கரையில் கூடின. வடக்கை விட்டு வெளியேற வேண்டும் என்பது விடுதலைப் புலிகளின் கட்டளை. எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் கையில் அகப்பட்டதோடு படகேறிக் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 70,000 பேர் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தஞ்சமடைந்த இடம் புத்தளம். சில மாதங்களுக்கென்று கட்டிய ஓலைக் குடிசைகளில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் முடித்தார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து, செஸ்மல் சிறிவர்தன என்ற இளம் இலங்கை ஆய்வாளரின் குழு புத்தளத்தில் அந்த மக்களில் 450 பேரைச் சந்தித்து மனநலத்தை அளந்தது. முடிவுகள் 2013இல் வெளியாயின. 18.8 வீதமானோருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. போர் நடந்த நாடு என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது அதிர்ச்சிக்குப் பின்னான மனவடு நோயை. அது 2.4 வீதம்தான். ஆழ்ந்த மனச்சோர்வு 5.1 வீதம். எல்லாவற்றிலும் பெரிய எண்ணிக்கை, 14 வீதம், உடம்பின் வழியாக வெளிப்படும் துன்பத்துக்கு உரியது. பரிசோதித்தால் காரணம் பிடிபடாத நோவு, களைப்பு, எரிவு, நெஞ்சடைப்பு போன்றவை அதில் அடங்கும். துணையை இழந்தவர்களுக்கும் பிரிந்தவர்களுக்கும் இந்தக் குறைபாடுகள் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. வேலையில்லாதவர்களும் அடுத்த வேளைச் சோற்றுக்கு உறுதியில்லாதவர்களும் அதற்கடுத்து வந்தார்கள்.

வடக்கில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் இதையேதான் திரும்பத் திரும்ப எழுதினார். எங்கள் மக்கள் கவலையை மனதின் நோயாகக் கொண்டுவருவதில்லை. பெருமூச்சாக, தலையிடியாக, உடம்பு முழுக்க ஓடும் நோவாகக் கொண்டுவருகிறார்கள்.

நோவும் பெருமூச்சும் ஒரு பக்கம் இருக்கட்டும். இரத்தத்தை எடுத்து அளந்து எண்ணாகச் சொல்லக்கூடிய ஒரு நோய்க்கும் இந்தத் துயரத்துக்கும் தொடர்பு உண்டா? வடக்கின் எந்த நீரிழிவுக் கிளினிக்கின் வாங்கிலும் ஒரு காலை உட்கார்ந்தால் இந்த வசனம் காதில் விழும்: “நான் யோசிச்சு யோசிச்சுத்தான் இந்தச் சீனி வருத்தம் வந்தது.” அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், “யோசனையை விடுங்கோ அம்மா, சோத்தைக் குறையுங்கோ” என்பது. அந்த அம்மா சொன்னதில் நாம் நினைப்பதைவிட அதிக உண்மை இருக்கிறது என்பதையும், அந்த உண்மை அவர் நினைக்கும் வழியில் மட்டும் வேலை செய்வதில்லை என்பதையும் இந்த அத்தியாயத்தில் காட்ட விரும்புகிறேன்.

துக்கம் நீரிழிவைக் கொண்டுவரும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய மருத்துவர் தோமஸ் வில்லிஸ் எழுதினார். அது வெறும் அவதானிப்பு. சோதனையாக அதைச் செய்து பார்த்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழக உடலியலாளர் வோல்டர் கனன். 1911இல் அவரும் கூட்டாளிகளும் பூனைகளைக் கட்டிவைத்தும் அச்சுறுத்தியும் கலங்கடித்த பிறகு அவற்றின் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். சீனி இருந்தது. சிறுநீரகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகளை அகற்றிய பூனைகளை அதேபோலக் கலங்கடித்தபோது சீனி வரவில்லை. ஆக, பயத்துக்கும் சீனிக்கும் நடுவே நிற்பது அந்தச் சுரப்பி.

மனிதரிடமும் இதைக் கனன் பார்த்தார். 1913ஆம் ஆண்டுப் பருவத்தின் கடைசிப் போட்டி, எல்லாவற்றிலும் பதற்றம் மிகுந்த போட்டி, முடிந்த கையோடு ஹார்வர்டின் கால்பந்து வீரர்கள் 25 பேரின் சிறுநீர் சோதிக்கப்பட்டது. 12 பேரிடம் சீனி. அந்த 12 பேரில் 5 பேர் களத்தில் இறங்கவேயில்லை. மாற்று வீரர்களாக ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு பந்தைக்கூடத் தொடாத உடம்புக்குள், பார்த்துக்கொண்டிருந்ததாலேயே சீனி ஏறியிருக்கிறது. நீரிழிவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் என்னை மிகவும் யோசிக்கவைத்த தகவல்களில் இது ஒன்று.

உள்ளே என்ன நடக்கிறது? வளர்ந்த ஒருவரின் மொத்த இரத்தத்திலும் எந்நேரமும் மிதக்கும் குளுக்கோஸ் 4, 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி. ஈரலில் கிளைகோஜனாகச் சேமித்து வைத்திருப்பது 100 கிராம் அளவில். ஆபத்து என்று மூளை முடிவெடுத்ததும் அந்த அதிரீனல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் பாய்கிறது. ஈரல் தன் கையிருப்பை உடைத்து இரத்தத்தில் விடுகிறது. அதே நேரத்தில் சதையி இன்சுலின் சுரப்பதையும் அட்ரினலின் அடக்கிவிடுகிறது. ஓடவும் அடிக்கவும் தசைக்குச் சீனி வேண்டும். ஓடி முடித்தால் அது எரிந்துவிடும். சதையி நலமாக இருந்தால் சிறிது நேரத்தில் எல்லாம் பழைய அளவுக்கு வந்துவிடும்.

அட்ரினலின் நிமிடக் கணக்கில் வேலை செய்வது. அதன் பின்னால் மெதுவாக வருவது கோர்ட்டிசோல், அது மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் வேலை செய்யும். தசையின் புரதத்தை உடைத்துப் புதிய குளுக்கோஸ் செய்யும்படி ஈரலுக்குச் சொல்லும். இன்சுலின் சொல்வதைத் தசை காதில் போட்டுக்கொள்ளாதபடி செய்யும். கொழுப்பைக் கை கால்களிலிருந்து வயிற்றுப் பக்கம் நகர்த்தும். இது ஊகமில்லை. முட்டு வருத்தத்துக்கோ மூட்டு நோய்க்கோ பிரெட்னிசலோன் மாத்திரை நீண்ட நாள் எடுத்த பலருக்குச் சீனி ஏறியதை எல்லாக் கிளினிக்கும் கண்டிருக்கிறது. அந்த மாத்திரை கோர்ட்டிசோலின் செயற்கை உறவு. சுரப்பியில் கட்டி வந்து கோர்ட்டிசோல் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும் குஷிங் நோயாளிகளிலும் பலருக்கு நீரிழிவு வருகிறது.

ஆனால் ஒரு துக்கத்தால் மட்டும் இரண்டாம் வகை நீரிழிவு வந்துவிடாது. அது வர, இன்சுலினுக்கு உடம்பு மறுத்துப்போவதோடு சதையியும் களைத்துப்போக வேண்டும். பரம்பரை, வயிற்றுக் கொழுப்பு, வயது, உடலுழைப்பு, சோற்றின் அளவு எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. தென்னாசியருக்கு இதில் பிறப்பிலேயே ஒரு பாதகம் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் தன்னையும் தன் பிரித்தானிய நண்பர் ஜோன் யுட்கினையும் ஒரே அளவுகோலில் அளந்து காட்டினார். இருவருக்கும் உடல் நிறைச் சுட்டெண் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். பார்வைக்கு மெலிந்த எங்கள் உடம்பில் கொழுப்பு மறைந்திருக்கிறது. பேசாலையில் வலை இழுத்து இறுகிய உடம்போடு நிற்கும் மனிதருக்கும் சீனி இருக்கும் என்பதை அவரே நம்ப மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நிலத்தின் மேல்தான் மனதின் சுமை ஏறுகிறது. ஏறினால் எவ்வளவு என்பதற்கு இன்று நல்ல கணக்குகள் உண்டு. மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் ஆபத்து சுமார் 60 வீதம் அதிகம் என்று, பல தொடர் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பீடு 2008இல் சொன்னது. எதிர்த்திசையிலும், அதாவது நீரிழிவிலிருந்து மனச்சோர்வுக்கும், பாதை உண்டு. அது 15 வீதம். சிறியது, ஆனாலும் இருக்கிறது. அமெரிக்கத் தாதியர் ஏறத்தாழ 50,000 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2015இல் வெளியானது. மனவடு நோயின் அறிகுறிகள் அதிகமாக இருந்த பெண்களுக்கு நீரிழிவு ஏறத்தாழ இரட்டிப்பாக வந்திருந்தது. அந்த அதிகரிப்பில் ஏறக்குறையப் பாதியை உடல் எடையும் மனச்சோர்வு மருந்துகளும் விளக்கிவிட்டன. மீதி விளக்கப்படாமல் நிற்கிறது. கோர்ட்டிசோலும் அழற்சியும் நித்திரைக் குலைவும் அங்கே வேலை செய்கின்றன என்று கருதுவதற்கு நல்ல காரணம் உண்டு.

நித்திரையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். 1999இல் சிக்காகோவில் நலமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். ஆறே இரவுகளில் அவர்களின் உடம்பு குளுக்கோஸைக் கையாளும் திறன் நீரிழிவுக்கு முந்திய நிலையை ஒத்த அளவுக்கு விழுந்தது. மன்னார்க் கரையில் இரவுத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு அப்படித் தூங்காத இரவுகள் ஆறோடு முடிவதில்லை. வாரத்தில் மூன்று இரவுகள் இராமேஸ்வரம் பக்கத்து இழுவைப் படகுகள் இந்தக் கடலுக்கு வருவது ஊரறிந்தது. அந்த இரவுகளில் வலையைப் போட்டால் அறுபடும் என்ற பயம், போடாவிட்டால் அடுப்பு எரியாது என்ற கணக்கு. கரையில் நின்றாலும் நித்திரை வராது. காலையில் கடன் கொடுத்தவரின் முகம். இதையெல்லாம் சேர்த்து ‘வாழ்க்கை முறை நோய்’ என்று ஒரு பெயர் வைத்துவிட்டு, வாழ்க்கை முறையை மாற்றுங்கள் என்று துண்டுப் பிரசுரம் கொடுப்பதை என்னால் ஏற்கமுடியவில்லை. அந்த மனிதரின் வாழ்க்கை முறையில் அவர் தேர்ந்தெடுத்தது எவ்வளவு?

அட்ரினலினும் கோர்ட்டிசோலும் முடிவுள்ள ஆபத்துக்காக வந்தவை. துரத்தும் நாய் போய்விடும், போட்டி முடிந்துவிடும். முடிவே இல்லாத ஒரு நிலையை அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் 1970களில் ஆராயத் தொடங்கினார். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் மனைவியர்தான் அவர் முதலில் சந்தித்தவர்கள். செத்துவிட்டார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று வாழவும் முடியாது. அந்த இழப்புக்குச் சடங்கு இல்லை, எட்டுச் செலவு இல்லை, ஆண்டுத் திவசமோ ஆண்டுப் பூசையோ இல்லை.

மன்னாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்களுக்கான ஆணைக்குழுவின் முன் ஓர் எண்ணை வைத்தார்: 1,46,679. போரின் கடைசிக் கட்டத்துக்கு முன் வன்னியில் இருந்தவர்களின் அரசாங்கக் கணக்குக்கும், வெளியே வந்தவர்களின் கணக்குக்கும் இடைப்பட்ட வித்தியாசம் அது. அத்தனை பேருக்கும் என்ன ஆனது என்று கேட்டார். 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு நிலம் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அகழ்வு மாதக்கணக்கில் நடந்தது. காணாமற்போன மகனின் படத்தை வைத்திருக்கும் தாய்க்கு அந்த மாதங்களில் ஒவ்வொரு செய்தியும் என்னவாக இருந்திருக்கும்! கரையில் கட்டிய படகின் எஞ்சினை அணைக்காமல் விட்டதுபோல, போகுமிடம் இல்லாமல் உடம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு நீரிழிவு நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள், வீட்டையோ உறவையோ இழந்தவர்களுக்குச் சீனி கூடுதலாக ஏறியிருந்ததைக் கண்டார்கள். அங்கே நிலம் ஆடியது சில விநாடிகள்.

காத்திருப்பு ஹோர்மோன்களோடு நிற்பதில்லை, சமையலறைக்குள்ளும் வருகிறது. காத்திருக்கும் தாய் தனக்கென்று சமைக்கமாட்டார். தேத்தண்ணியும் பணிசும் பகல் சாப்பாடாகிவிடும். கிளினிக் நாளும் காணாமற்போனோருக்கான போராட்ட நாளும் ஒன்றாக வந்தால் அவர் போராட்டத்துக்குத்தான் போவார். மருந்து போட்டு எனக்கு இனி என்ன என்ற எண்ணம், கோர்ட்டிசோல் செய்யும் வேலையைவிடப் பெரிய வேலையைச் செய்துவிடுகிறது.

இந்த மக்கள் நாட்டின் கணக்கிலும் தாமதமாகத்தான் சேர்ந்தார்கள். இலங்கையின் முதலாவது பெரிய நீரிழிவுக் கணக்கெடுப்பு 2005, 2006இல் நடந்தது. வளர்ந்தவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு என்றது. ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் எடுத்தார்கள். போர் நடந்ததால் வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. 2018, 2019இல் நாடு முழுவதும் எடுத்த பிந்திய ஆய்வு 23 வீதம் என்றது, இன்னும் 30 வீதத்தினர் அதன் வாசலில் நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் போர் முடிந்த கையோடு, 2009இல், மனநலத்தை அளந்தவர்கள் 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும் 32.6 வீதத்தினரிடம் பதற்றத்தையும் கண்டார்கள். சீனியை எண்ணியவர்களும் துயரத்தை எண்ணியவர்களும் வேறு வேறு ஆட்கள். ஒரே உடம்பில் இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் இனிச் செய்ய வேண்டிய வேலை.

இனி வீட்டுக்குள் போவோம். உறவு நல்லதா கெட்டதா என்பதற்கு முன்னால் உறவு இருக்கிறதா என்பதே உடம்புக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த, நீரிழிவு இல்லாத 3,335 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், துணையோடு வாழ்ந்தவர்களின் சராசரிச் சீனி அளவு தனியாக வாழ்ந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. அந்தத் துணையோடு சண்டையா சமாதானமா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. நோர்வேயில் 24,000 பேரை இருபது ஆண்டுகள் தொடர்ந்தபோது, தனிமையை மிகக் கடுமையாக உணர்ந்தவர்களுக்கு நீரிழிவு இரண்டு மடங்காக வந்தது. நோர்வேயின் தனிமை ஒரு வீட்டில் ஒருவராக இருப்பது. எங்கள் தனிமை வேறு மாதிரி. வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், மனதைத் திறக்க ஒருவரும் இருக்கமாட்டார். அண்ணன் மண்டபம் முகாமில், தங்கை கனடாவில், மூத்த மகன் புத்தளத்திலேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டான், வாப்பாவும் உம்மாவும் மட்டும் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். இப்படிப் பிளந்து கிடக்கும் குடும்பம் மன்னாரில் எந்தச் சமயத்துக்கும் புதிதில்லை.

துணையோடு இருப்பதன் மறுபக்கமும் உண்டு. கணவன் மனைவியில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் மற்றவருக்கு வரும் ஆபத்து 26 வீதம் அதிகம் என்று 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டார்கள். இரத்த உறவு இல்லாத இருவருக்குள் இது வருவதற்குக் காரணம் ஒரே சட்டி, ஒரே நேரம், ஒரே உட்கார்ந்திருத்தல். அதனால்தான் ஒருவரை மட்டும் தனியே கூப்பிட்டு உணவு ஆலோசனை சொல்லும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆணுக்குச் சீனி என்றால் மனைவி குரக்கன் புட்டு அவிப்பார், இரவில் சோற்றை நிறுத்துவார், தேத்தண்ணியில் சீனியை எடுத்துவிடுவார். அதே மனைவிக்குச் சீனி வந்தால்? வீட்டுக்கு வழமையான சோறும் சொதியும்தான். தனக்கென்று இன்னோர் அடுப்பு மூட்ட அவருக்கு நேரமும் இல்லை, மனமும் வராது. எல்லோரும் சாப்பிட்ட பின் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவரால் அளவையோ நேரத்தையோ எப்படித் தீர்மானிக்க முடியும்?

அக்கறையும் பிழைத்துப்போகலாம். “மாமி, டொக்டர் என்ன சொன்னவர்? ஏன் அந்த வாழைப்பழத்தை எடுக்கிறியள்?” என்று மருமகள் கேட்பது அன்பினால்தான். மாமி பழத்தை வைத்துவிடுவார், பிறகு ஆள் இல்லாத நேரம் இரண்டாகச் சாப்பிடுவார். நீரிழிவின் மனச்சுமையை வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்ட உளவியலாளர் வில்லியம் பொலொன்ஸ்கி இப்படிப்பட்ட வீட்டாரை நீரிழிவுப் பொலிஸ் என்கிறார். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2012இல் வெளியான ஆய்வில் மேபெரியும் ஒஸ்போர்னும் ஒரு சங்கடமான விஷயத்தைக் கண்டார்கள். நீரிழிவைப் பற்றி வீட்டாருக்கு அறிவு கூடக்கூட அவர்களின் உதவி கூடியது, ஆனால் இடைஞ்சல் குறையவில்லை. இடைஞ்சல் கூடிய வீடுகளில் நோயாளிகள் மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை, சீனியும் ஏறியது. வீட்டாருக்கு அறிவைக் கொடுப்பது மட்டும் போதாது. கூட இருந்து தானும் அதையே சாப்பிடுவதும், கூட நடப்பதும், மாத்திரை முடிவதற்கு முன் வாங்கிவைப்பதும் உதவி. தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது உதவியில்லை.

மனச்சோர்வு வேறு, நீரிழிவோடு வாழ்வதன் சலிப்பு வேறு என்று காட்டியவர் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பிஷர். மனச்சோர்வு உள்ளவருக்கு எதிலும் மனம் போகாது. நீரிழிவுச் சலிப்பு உள்ளவர் சிரித்துப் பேசுவார், வேலைக்குப் போவார், கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்பார், இந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சமாளிப்பார். 2005இல் பிஷரும் பொலொன்ஸ்கியும் சேர்ந்து 17 கேள்விகளில் அதை அளந்தார்கள். சுமையின் பாரம், மருத்துவரோடு உள்ள முரண், அன்றாட ஒழுங்குகளின் நெருக்கடி, வீட்டாரும் நண்பர்களும் புரிந்துகொள்ளாமை என்று நான்கு பக்கங்களிலிருந்து அது வருகிறது. நான்கில் இரண்டு உறவுகளைப் பற்றியவை. 2010இல் பிஷர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது: சீனி அளவோடு ஒட்டி ஏறி இறங்கியது இந்தச் சலிப்புத்தான், மனச்சோர்வு அப்படி ஒட்டவில்லை. மாத்திரையும் ஊசியும் ஒழுங்காகக் கிடைத்தும் சீனி இறங்காத பலரிடம் இந்தக் கேள்விகளை யாரும் கேட்டதில்லை.

மருத்துவரோடு உள்ள உறவையும் நான் குடும்ப உறவுகளின் வரிசையிலேயே வைப்பேன். சியாட்டிலில் மனநல மருத்துவர் போல் சீகனோவ்ஸ்கி 2001இல் 367 நீரிழிவு நோயாளிகளை, அவர்கள் பிறரோடு ஒட்டும் விதத்தைக் கொண்டு பார்த்தார். யாரையும் நம்பி இருக்கக்கூடாது, என் பாட்டை நான் பார்த்துக்கொள்வேன் என்று வளர்ந்தவர்கள் ஒரு வகை. அந்த வகையினருக்கு மருத்துவரோடு பேச்சு சரிவரவில்லை என்றால் மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு 8.5. பேச்சு சரியாக இருந்தால் 7.5. அந்த ஒரு புள்ளி, ஒரு நல்ல மாத்திரை இறக்கும் அளவுக்குச் சமம்.

யாரையும் நம்பாதே என்ற பாடத்தைச் சியாட்டில்காரர்கள் சிறு வயதில் வீட்டில் படித்திருக்கலாம். வங்காலையிலும் அரிப்பிலும் விடத்தல்தீவிலும் ஒரு தலைமுறை அதைச் சோதனைச் சாவடியில் படித்தது. யார் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாத காலத்தில் வாயைத் திறக்காதவர்தான் உயிரோடு இருந்தார். வெள்ளைச் சட்டையும் கொப்பியும் கேள்வியுமாக எதிரே இருப்பவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு எப்படி வரும்? கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்னிருந்து சோற்றைக் குறைத்து, வெறுவயிற்று இரத்தப் பரிசோதனையில் நல்ல எண்ணைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரை ஏமாற்றுவது அவர்கள் நோக்கமில்லை. ஏச்சு வாங்கக்கூடாது, அவ்வளவுதான். நூறு பேர் வரிசையில் நிற்கும் காலையில் மருத்துவருக்கு ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். அந்த நிமிடங்களை ஏச்சில் செலவழித்தால் அடுத்த மாதம் உண்மை வராது.

அப்படியானால் துக்கத்தைக் குறைத்தால் சீனி குறையுமா? இங்கே நிதானம் வேண்டும். மனம் தெளிந்தால் மெட்ஃபோர்மினை நிறுத்திவிடலாம் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பவேண்டாம். காலிலே புண் வந்து, அது கருத்து, விரலை எடுக்கவேண்டி வந்தவர்களில் அப்படி நம்பியவர்களும் உண்டு. ஆனால் சில நல்ல செய்திகள் உண்மையாகவே இருக்கின்றன. அமெரிக்கப் படைகளிலிருந்து ஓய்வுபெற்ற, மனவடு நோய் இருந்த 1,598 பேரின் பதிவுகளை ஷெரர் என்ற ஆய்வாளரின் குழு 2019இல் அலசியது. மனவடு அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தவர்களுக்கு, குறையாதவர்களோடு ஒப்பிட்டால், நீரிழிவு வரும் ஆபத்து ஏறத்தாழப் பாதியாக இருந்தது.

எங்களுக்குக் கிட்டிய சோதனை சென்னையில் நடந்தது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவர் மோகனும் கூட்டாளிகளும், இந்தியாவின் வேறு நகரங்களின் மருத்துவமனைகளும் சேர்ந்து, நீரிழிவும் மனச்சோர்வும் ஒன்றாக உள்ள 404 பேரை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு வழமையான சிகிச்சை. மற்றப் பங்குக்கு மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஓர் இணைப்பாளர். அவர் அடிக்கடி கூப்பிட்டு விசாரிப்பார், மாத்திரையைப் பற்றியும் மனதைப் பற்றியும் ஒரே வாயால் பேசுவார், சந்தேகம் வந்தால் மனநல மருத்துவரிடமும் நீரிழிவு மருத்துவரிடமும் கொண்டுபோவார். 2020இல் முடிவு வந்தது. மனச்சோர்வும் பாதியாகக் குறைந்து, சீனி, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது நன்றாக இறங்கியவர்கள், இரண்டு ஆண்டு முடிவில், இணைப்பாளர் கிடைத்த பங்கில் 71.6 வீதம். மற்றதில் 57.4 வீதம். வழமையான சிகிச்சை பெற்றவர்களிலும் பாதிக்கு மேல் தேறினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மிச்ச வித்தியாசம் ஒரு மனிதர் விசாரித்ததால் வந்தது.

மன்னாரில் அந்த மனிதரைப் புதிதாகத் தேடவேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஒவ்வொரு பகுதிக்கும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். எந்த வீட்டில் யார் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை, எந்தக் கணவன் குடிக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். படலையைத் திறந்துகொண்டு அடுப்படி வரைக்கும் போகக்கூடிய ஒரே அரச ஊழியர் அவர். தாய்மார் மரணத்தையும் சிசு மரணத்தையும் இலங்கை இவ்வளவு கீழே இறக்கியதில் இந்தப் பெண்களின் நடைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அவருடைய பதிவேடு கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் குழந்தைகளையும் சுற்றியது. அதே வீட்டுத் திண்ணையில் சீனியோடு உட்கார்ந்திருக்கும் பெரியம்மா அதில் இல்லை. 35 வயதைக் கடந்தவர்களுக்கான ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை அரசு 2011இலிருந்து நாடெங்கும் திறந்தது நல்ல காரியம், ஆனால் அங்கே நோயாளிதான் தேடிப் போகவேண்டும். போகிறவர்களில் பெண்களே அதிகம், கடலுக்குப் போகும் ஆண்கள் அபூர்வம்.

அந்த உத்தியோகத்தருக்கு இன்னுமொரு பெரிய படிவத்தைக் கொடுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே அவருக்குச் சுமை அதிகம். கூட ஒருவரை, காணாமற்போனோரின் குடும்பத்திலிருந்தே ஒரு பெண்ணை, பயிற்சி கொடுத்துச் சம்பளத்தோடு நியமிக்கலாம். பிஷரின் 17 கேள்விகளைச் சுருக்கிய இரண்டு கேள்வி வடிவம் 2008இலேயே வந்துவிட்டது. தமிழில் அதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கலாம். “இந்தச் சீனி வருத்தத்தோட மாரடிக்கிறது உங்களுக்குத் தாங்க ஏலாமல் இருக்குதா அம்மா?” ஒன்று. “டொக்டர் சொன்னதுகளைச் செய்ய முடியேல்லை, தோத்துப்போனன் எண்டு நினைக்கிறீங்களா?” மற்றது. ஓம் என்று தலையாட்டினால் அன்றைக்குச் சோற்றைப் பற்றிப் பேசத் தேவையில்லை. யார் வீட்டில் சமைக்கிறது, யாரோடு சாப்பிடுகிறது, இரவில் எத்தனை மணிக்குக் கண் மூடுகிறது, மகனைப் பற்றிக் கடைசியாக யாரோடு பேசினது என்று தொடங்கலாம். மருந்துக் கொப்பியை அதற்குப் பிறகு திறக்கலாம்.